கண்ணில் விழுந்த தூசி

இன்று காலை ஊரிலிருந்து விடுதிக்குத் திரும்பும்போது, பஸ்ஸில் என் அறைத்தோழி செல்வி அழுதுவிட்டாள்.

பஸ் பாலத்தில் நின்றிருந்தது. கீழே தாமிரபரணிக்குள் வரிசையாக லாரிகளில் மணல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்தில் கீரைக்கூடையோடு இருந்த ஓர் அம்மா பதறிப்போய்க் கேட்டார்: "யாரும் தவறிட்டாவளா, தாயி?"

"இல்லம்மா. ஆத்தையே அள்ளிட்டுப் போறாவளே, இனி என்ன மிஞ்சும்? பொஸ்தகத்த எடுத்தாலும் இதே நெனப்பா இருக்கு."

யாராவது சிரித்துவிடுவார்களோ என்று பயந்தேன். அந்த அம்மா செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இந்தப் பாலம் வந்தா எனக்கும் நெஞ்சடைக்கும். கிறுக்கின்னு சொல்லிருவாவன்னு வாயத் தெறக்கல."

ஜங்ஷன் வரும்வரை இருவரும் கையை விடவில்லை.

நானும் அழுதேன். ஆனால் ஜன்னல் பக்கம் திரும்பி, கண்ணில் தூசி என்றேன்.

இதை எழுதி விடுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொன்னதே செல்விதான். ஆற்றைப் பார்த்து உங்களுக்கும் அப்படி நெஞ்சடைத்தால் கீழே எழுதுங்கள். பெயர் போட வெட்கமாக இருந்தால், 'தூசி' என்று போடுங்கள்.