அப்பா வீட்டு டாங்கிள்

அம்மா போன பிறகு சிதம்பரத்தில் அப்பா தனி, கடலூர் செம்மண்டலத்தில் நான் தனி. வீட்டிலிருந்தே வேலை, வாயே திறக்காமல் போகும் பகல்கள் எனக்கு ஜாஸ்தி. இரவுச் சாப்பாட்டை மட்டும் லேப்டாப்பில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு சாப்பிடுவோம்.

இன்டர்நெட்டுக்காக அப்பா லேப்டாப்பில் செருகியிருந்த வைஃபை டாங்கிள் ஒருநாள் உடைந்துபோனது. அதே கடையில் அதே பெயரில் இன்னொன்று வாங்கிப் போட்டேன். அது வேலை செய்யவில்லை. அவரிடம் இருந்தது பட்டன் போன்; குரல் வந்தது, முகம் வரவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை.

வேறு டாங்கிள் வாங்கியிருக்கலாம். இந்த மாதிரிக் கருவிகளைக் கம்ப்யூட்டரோடு பேசவைக்கும் டிரைவர் புரோகிராம்களை எழுதிப் பிழைக்கிற எனக்கு அது தன்மானப் பிரச்சினை. நோண்டிப் பார்த்ததில் விஷயம் புரிந்தது. பெட்டியும் பெயரும் பழையவை, உள்ளே இருந்த சிப் புது வெர்ஷன். எந்த வெர்ஷன் என்று டிரைவர் கேட்டால் சிப் ஒரு எண்ணைச் சொல்லும். டிரைவர் அதில் பாதியைப் படித்துவிட்டு, பழசுதான் என்று முடிவுகட்டி, பழசுக்கான கட்டளைகளை அனுப்பிக்கொண்டிருந்தது. சொல்வதை முழுசாகக் கேட்காதவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல்.

டாங்கிளைக் கொடுங்கள், கடலூரில் வைத்துச் சரிசெய்கிறேன் என்றேன். அது இங்கேயே இருக்கட்டும், நீ வந்து பார் என்று சொல்லிவிட்டார். பிடிவாதம் என்று நினைத்தேன். வாரமெல்லாம் எழுதுவதை ஞாயிறன்று பஸ் ஏறிப் போய்ப் போட்டுப் பார்ப்பேன், வராது. முதல் ஞாயிறு ரசமும் அப்பளமும் வைத்தவர், பிறகு காலையிலேயே பக்கத்துக் கிள்ளை ஊர் இறால் வாங்கி உரித்து வைத்துவிட்டுக் காத்திருக்க ஆரம்பித்தார்.

கடைசியில் எண்ணை முழுதாகப் படிக்க வைத்து, புது வெர்ஷனுக்குத் தனி வழியும் எழுதினேன். டாங்கிளின் விளக்கு எரிந்தது. அடுப்படியிலிருந்து அப்பா வந்து எட்டிப் பார்த்தார்.

"சரியாயிடுச்சா?"

"ஆயிடுச்சுப்பா."

"அப்ப இனிமே வரமாட்ட."

கேள்வியாகக்கூட அவர் கேட்கவில்லை. இத்தனை வாரமாக அவர் சொன்னதில் பாதியைத்தான் நான் கேட்டிருக்கிறேன்.

"இல்லப்பா, வாராவாரம் வந்து டெஸ்ட் பண்ணணும். விட்டா திரும்பப் படுத்துக்கும்."

அவர் அதை நம்பவில்லை. வர்ற ஞாயிறு என்ன மீன் வாங்கட்டும் என்று மட்டும் கேட்டார்.