அந்தம்மா ஊருக்குப் போயாச்சு

என் மகளின் எழுத்து எனக்குத் தெரியும். வாசிக்கத் தெரியும் என்று சொல்லவில்லை. அந்த நாளில் நான் கையெழுத்துப் போடுவேன், பஸ் நம்பர் பார்ப்பேன், கடைப் பலகையில் பெரிதாக இருந்தால் எழுத்துக் கூட்டிச் சொல்வேன். அவ்வளவுதான்; எழுதக் கற்றது பிறகு. ஆனால் பத்துக் குடம் வரிசையில் நின்றாலும் தன் குடம் எது என்று ஒருத்திக்குத் தெரியாதா? அப்படித்தான். அவள் எழுத்து முன்னால் சாயும். வரி போகப் போக மேலே ஏறும். தாராவி முனிசிபல் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைக்கும் படித்த எழுத்து.

கல்யாணமாகிக் கொழும்புக்குப் போன மூன்றாம் வருஷம் அந்த எழுத்து நின்றுவிட்டது. கடிதம் நிற்கவில்லை. மாதம் ஒன்று வந்தது. ஆனால் அச்சுக் கோத்ததுபோல நேராக நிற்கும் வேறு எழுத்து.

"மாப்பிள்ள எழுதியிருக்காவ யக்கா. எல்லாரும் சௌக்கியமாம். ஒங்க மகளும் சௌக்கியந்தானாம்" என்றான், எனக்குக் கடிதம் வாசித்துச் சொல்கிற பையன்.

"அவ சௌக்கியத்த அவ எழுதினா என்னவாம்?"

"வீட்டு வேல இருக்கும்லா."

முதல் கடிதத்துக்குச் சரி என்றேன். இரண்டாவதுக்கும் சரி என்றேன். எட்டாவது கடிதமும் அதே எழுத்தில் வந்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. கையில் எண்ணெய் கொட்டியிருக்குமோ? எழுதக்கூடாது என்று மாமியார்க்காரி தடுத்துவிட்டாளோ? அதற்கு மேலும் ஒரு நினைப்பு வந்தது. அவள் இருக்கிறாளா? எவன் வேண்டுமானாலும் சௌக்கியம் என்று எழுதலாம். போய் என் கண்ணால் பார்த்தாலொழிய நம்பமாட்டேன் என்று முடிவு கட்டினேன்.

அப்போது நான் தனி ஆள். வீட்டுக்காரர் தோல் கிடங்கில் வேலை பார்த்து, நெஞ்சுச் சளியில் போய்விட்டார். அவர் போன மறு மாதமே நான் அடுப்பைப் பெரிதாகக் கட்டினேன். கிடங்கிலும் பட்டறையிலும் வேலை செய்கிற நம்மூர் ஆண்கள் நாற்பது பேர் என்னிடம் மாதச் சாப்பாடு சாப்பிட்டார்கள். கானாவளி என்பார்கள் பம்பாயில். என் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு வேறு இடத்துக்குப் போனவன் ஒருவனும் கிடையாது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, கேட்டுப் பார்த்தால் தெரியும். லைசென்ஸ் கிடையாது. ரேஷன் அரிசி நாற்பது பேருக்கு எங்கே காணும்? அம்பர்நாத் பக்கமிருந்து ரயிலில் வயிற்றில் கட்டிக்கொண்டு வருகிற பெண்களிடம்தான் அரிசி வாங்குவேன். பிடித்தால் அரிசியும் போகும், பாத்திரமும் போகும். ஆகையால் எங்கள் சந்துக்கு ஒரு வழக்கம் உண்டு. பையோடு ஓர் ஆள் வந்தால் முனையில் பீடிக் கடைக்காரர் இருமுவார். இருமல் கேட்டதும் பெரிய பானை கட்டிலுக்கு அடியில் போகும். வந்தவன் யாரைக் கேட்டாலும் அந்த ஆள் ஊருக்குப் போயாச்சு என்று சொல்வோம். எனக்காக அவர்கள் சொல்வார்கள், அவர்களுக்காக நான் சொல்வேன்.

பாஸ்போர்ட் கிடைத்துவிட்டது. மாதுங்காவில் ஆபீஸ் உத்தியோகத்தில் இருந்த ஒரு பெரியவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதற்குக் காக்கி உடுப்போடு ஒரு போலீஸ்காரர் வந்தார், டீ குடித்தார், போனார். சந்துக்கே முன்கூட்டித் தெரியும். விசாதான் பெரும்பாடு. சிலோன் விசா கொடுக்கிற ஆபீஸ் பம்பாய்க் கோட்டைப் பக்கம். உள்ளே கண்ணாடி போட்ட அதிகாரி ஒருவர். சிலோன் தமிழர்தான். பேச்சு பாட்டு மாதிரி இருக்கும், கேள்வி மட்டும் ஊசி.

"புருசன் இல்லை. ஆம்பிளைப் பிள்ளையும் இல்லை. காணி பூமி ஏதும் இருக்கோ?"

"கோலி ஒண்ணு இருக்கு ஐயா. ஒத்த அறை வீடு."

"பத்திரம்?"

தாராவியில் யாரிடம் ஐயா பத்திரம்? ரேஷன் கார்டு பைக்குள்தான் இருந்தது. வெளியே எடுக்கவில்லை. அதில் என் வீட்டுக்காரர் இன்னும் உயிரோடு இருந்தார், மகளும் கொழும்புக்குப் போகாமல் என்னோடு இருந்தாள். பெயரை வெட்டினால் அரிசி குறையுமே என்று விட்டது. அதைக் காட்டினால் நான் எழுதிக் கொடுத்த மனுவே பொய்யாகிவிடும்.

"உங்கட ஒரே பிள்ளை அங்க இருக்கிறா. இங்க உங்களுக்கு ஒருத்தருமில்லை. நீங்கள் திரும்பி வருவீங்கள் எண்டு நான் எப்பிடி நம்புறது?"

நாற்பது பேர் என் கைச் சோற்றை நம்பி இருக்கிறார்கள் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. லைசென்ஸ் இல்லாததை அதிகாரியிடம் சொல்வதா? விழுங்கிவிட்டேன். "சமையல் வேல பாக்கேன்" என்றேன்.

"எங்க?"

"வீட்டுலதான்."

"ஆருக்கு?"

அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, ஏதோ எழுதிக்கொண்டு, "விசாரிச்சுப் பாப்பம்" என்றார். விசாரணை என்றால் காக்கி உடுப்புதான் என்று நானும் வந்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து, ஒரு மத்தியானம். பாதிப் பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பீடிக் கடைக்காரர் இருமினார். பானை கட்டிலடிக்குப் போனது, ஆட்கள் தட்டோடு பின்பக்கம் போனார்கள். பேண்ட் சட்டை, தோளில் பை, கக்கத்தில் குடையோடு ஒரு மராத்திக்காரர் வாசலில் வந்து நின்று என் பெயரைச் சொல்லிக் கேட்டார். எங்கே பிறந்தேன், யார் மகள் என்பது வரைக்கும் அவர் கையிலிருந்த தாளில் இருந்தது. எவளோ காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

"ஓ பாயி காவ் கயா" என்றேன். அந்தப் பெண் ஊருக்குப் போய்விட்டாள்.

"எப்போது?"

"ஒரு வருஷம் ஆச்சு."

"திரும்பி வருவாளா?"

"வர மாட்டா. அங்கேயே இருந்துட்டா."

அவர் அக்கம்பக்கத்தில் கேட்டார். என் ஆட்கள் சும்மா இருப்பார்களா? ஒருவன் நான் ஊரில் நிலம் வாங்கிவிட்டதாகச் சொன்னான். ஒருத்தி நான் செத்தே போனேன் என்றாளாம். அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போனார். அன்று சாயங்காலம் முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

மறுபடி ஆபீஸுக்குப் போனேன். அதிகாரி தாளைப் பார்த்தார்.

"நீங்கள் அந்த முகவரியில இல்லையாம். ஊருக்குப் போய் ஒரு வருசமாம். நிலமும் வாங்கியிருக்கிறீங்களாம்."

எனக்கு உடனே எதிர்வீட்டுக்காரி முகம்தான் வந்தது. குழாயடியில் தொடங்கி ஒன்பது வருஷச் சண்டை அவளோடு. என் மோரித் தண்ணீர், பாத்திரம் கழுவிவிடுகிற தண்ணீர், அவள் வாசலில் போகிறது என்று தினம் ஒரு பாட்டு. "எவ ஐயா சொன்னா? அவ நாக்கு அழுவிப் போவும்!" என்று சத்தம் போட்டேன்.

பக்கத்து மேஜையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். அதே குடை நாற்காலியில் தொங்கியது. அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அதிகாரியிடம் இங்கிலீஷில் இரண்டு வார்த்தை சொன்னார்.

"நீங்கள் வீட்டில இல்லையெண்டு நீங்களே சொன்னீங்களோ?"

"ஆமா" என்றேன். வேறு என்ன சொல்ல?

"ஏன்?"

"பையோட வாற ஆளுகிட்ட நான் இருக்கேன்னு எங்க சந்துல யாரும் சொல்ல மாட்டோம் ஐயா. கணக்கெடுக்க வாறவன், இடிக்க வாறவன், பிடிக்க வாறவன் எல்லாம் பையோடதான் வாறான்."

அவர் சிரிக்கவில்லை. ஒருமுறை பொய் சொன்னவள் இன்னொரு முறையும் சொல்வாள் என்று அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. அதை வாசிக்கப் பள்ளிக்கூடம் வேண்டாம். "இன்னொரு தடவ அனுப்புங்க. இப்பவே நானே கூட்டிட்டுப் போறேன்" என்றேன். எட்டு மாதத்துக்கு மேலாக மகள் எழுத்தைப் பார்க்கவில்லை என்றும் சொன்னேன். அதற்குத்தான் அவர் பேனாவைக் கீழே வைத்தார். மராத்திக்காரரை என்னோடு அனுப்பினார்.

ரயிலில் அவர் என் பக்கம் உட்காரவில்லை. சயானில் இறங்கி நடந்தோம். சந்து முனைக்கு வந்ததும் இருமல் கேட்டது. நான் கையைக் காட்டினேன், தலையை ஆட்டினேன். என்னையே பிடித்துக்கொண்டு வருகிறார்கள் என்று நினைத்து பீடிக் கடைக்காரர் இன்னும் பலமாக இருமினார். என் வீடு பூட்டிக் கிடந்தது. சமையலைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி விட்டுப்போன பெண் சாவியோடு மாயம். மூன்று பேர் வாசலில், வாயோரத்தில் ஒட்டிய சோறு காயாமல், ஒன்றும் அறியாதவர்கள்போல் நின்றார்கள்.

"ஏல, நாந்தாம்ல! இது வேற ஆபீஸ். நான் இங்கதான் இருக்கேன்னு சொல்லுங்கல!"

மராத்திக்காரர் அவர்களிடம் என்னைக் காட்டிக் கேட்டார். அதில் ஒருவன், தினம் மூன்று கரண்டி ரசம் கூடக் கேட்கிறவன், என்னை மேலும் கீழும் பார்த்தான். "யாரு இந்தம்மா? பாத்ததே இல்லியே சாப்" என்றான். சொல்லிவிட்டு, பயப்படாதே யக்கா என்பதுபோல் எனக்குக் கண்ணைச் சிமிட்டினான். அவனை அங்கேயே அடித்திருப்பேன்.

மராத்திக்காரர் தாளை மடித்தார். என் மகள் முகம் தூரத்தில் போவதுபோல் இருந்தது எனக்கு.

அப்போது எதிர்க் கதவு திறந்தது. முன்னால் அவர் வந்த அன்றைக்கு எதிர்வீட்டுக்காரி செம்பூரில் தங்கை வீட்டில் இருந்தாள். இன்றைக்கு இருந்தாள்.

"ஏம்ல, ஆளத் தெரியலயா ஒனக்கு? மூணு வேளயும் இவ கையால முழுங்கிட்டு?" என்று அவனை ஒரு பிடி பிடித்தாள். பிறகு மராத்திக்காரரிடம் திரும்பி, என்னைவிட நல்ல இந்தியில், ஒன்று விடாமல் கொட்டினாள். இவள்தான் அவள். பதினாறு வருஷமாக இதே வீடு. நாற்பது பேருக்குச் சமைக்கிறாள். லைசென்ஸ் இல்லை. அரிசி எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். தண்ணீர் முழுக்க என் வாசலில். சொல்லிவிட்டு உள்ளே போய் ஒரு தாளோடு வந்தாள். என்மேல் முனிசிபாலிட்டிக்கு அவள் கொடுத்த புகாரின் நகல். என் பெயர், வீட்டு நம்பர், கீழே வட்ட முத்திரை. நான் அந்த வீட்டில் குடியிருக்கிறேன் என்று சர்க்கார் முத்திரையோடு உலகத்தில் இருந்த ஒரே தாள் அதுதான், எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

மராத்திக்காரர் நின்றுகொண்டே அதைப் பார்த்து எழுதினார். கடைசியில், "சிலோனுக்குப் போனால் இவள் திரும்பி வருவாளா?" என்று அவளையே கேட்டார்.

"போயிட்டா நான் பிள்ளையாருக்கு நூத்தியெட்டுத் தேங்கா ஒடப்பேனே! எங்க போவா? வந்துருவா, பாத்துக்கிடுங்க. என்ன நிம்மதியா இருக்க விடுவாளா இவ?"

காட்டிக்கொடுத்தாளா, காப்பாற்றினாளா? விசா ஆபீஸ் ஆள் என்று தெரிந்து வந்தாளா, தெரியாமல் வந்தாளா? முப்பது வருஷம் எதிரெதிரே இருந்தோம், நான் கேட்கவில்லை. கேட்டால் அவள் ஜெயித்ததாகிவிடும்.

ஒரு மாதத்துக்கு விசா கொடுத்தார்கள்.

புயலில் தனுஷ்கோடி போன பிறகு அது. ராமேஸ்வரத்தில் கப்பல் ஏறினேன். கடல் முழுக்க வாந்தி. கொழும்பில் துணிக்கடைத் தெருவுக்குப் பின்னால் வரிசை வீடு. கதவைத் திறந்தது அவள்தான். கட்டிப் பிடிக்கு முன் அவள் வலது கையைப் பிடித்து விரல்களைத் தடவிப் பார்த்தேன். ஐந்தும் இருந்தன, தழும்பு இல்லை.

அப்படியானால் வேறு ஏதோ. மூன்று நாள் நான் மாப்பிள்ளையைக் கவனித்தேன், சம்பந்தியைக் கவனித்தேன். அவள் தட்டில் எவ்வளவு சோறு விழுகிறது என்று பார்த்தேன். குறை ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாதது இன்னும் சந்தேகத்தைக் கொடுத்தது. நான்காம் நாள் மற்றவர்கள் வெளியே போயிருந்தார்கள். அவள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கேட்டேவிட்டேன்.

"யாரு ஒன்ன எழுதக்கூடாதுன்னது? சொல்லு."

"யாரும் சொல்லல."

"பெறகு?"

செதிலை உரசிக்கொண்டே சொன்னாள். "இன்னும் பிள்ள இல்லன்னும், டாக்டரம்மாகிட்டப் போனதும் ஒனக்கு எழுதினேம்லா? ஒங்கிட்டச் சாப்பிட்ட ஆளு ஒருத்தரு இங்க எங்க கடைக்கி வேலைக்கி வந்தாவ. வந்ததும் வராததுமா, கடையில எல்லாரும் நிக்கும்போது, 'கவலப்படாத தங்கச்சி, கடவுள் கண்ண தொறப்பான்'ன்னாவ. நான் எழுதினா நாப்பது பேரு சோறு தின்னுக்கிட்டே கேக்கான். எதத்தாம்மா எழுத? அதான் எங்க வீட்டு அவுகளயே சௌக்கியம்னு எழுதிப் போடச் சொன்னேன்."

எங்கள் சந்தில் எல்லார் கடிதமும் அப்படித்தான், சாப்பாட்டு நேரத்தில், சத்தமாக. அதில் தப்பு இருப்பதாக எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. அந்தக் கடிதத்தை வாசித்தபோது நான் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தேன். எவனோ "அய்யோ பாவம்" என்றான். எனக்கு அது ஆறுதலாகக்கூட இருந்தது.

யார் யாரையோ சந்தேகப்பட்டுக் கடல் தாண்டி வந்தவள், மீன் சட்டிக்கு முன்னால் உட்கார்ந்து அவள் உரசிப் போட்ட செதிலைக் கூட்டி அள்ளினேன். அவள் கையைக் கழுவிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இத்தனை மாதமாக எழுதாமல் வைத்திருந்ததையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். ஒரே நாளில் முடியவில்லை. விசா முடிகிற வரைக்கும் சொன்னாள்.

அவள் சொன்னதை நான் இங்கே எழுத மாட்டேன். இதை யார் யார் கூடி உட்கார்ந்து வாசிப்பீர்களோ, எனக்கென்ன தெரியும்?