நாற்பது மரத்துக்கு ஒரு மேக்கப்மேன்

சிமென்ட் தொழிற்சாலைப் பதிவேட்டில் அவர் தோட்டக்காரர். ஆனால் பதினோரு வருஷத்தில் அவர் ஒரு விதை போட்டதில்லை. வாசலிலிருந்து ஆபீஸ் வரைக்கும் நிற்கிற நாற்பது பூவரச மரங்களின் இலைகளை, ஏணி போட்டு ஏறி, பெயின்ட் அடிக்கிற பிரஷால் துடைப்பதுதான் அவருடைய வேலை. கூட இருந்தவர்கள் ‘மேக்கப்மேன்’ என்றார்கள். கொஞ்ச நாளில் அவரும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

புகைபோக்கி துப்புகிற தூசி தரையில் விழுந்தால் சும்மா கிடக்கும். இலையில் விழுந்தால் மூச்சு விடுகிற துளைகளை அடைத்து வெயிலையும் மறைத்துவிடும். இலை மஞ்சளாகி உதிரும். அதனால் பனி இறங்குவதற்கு முன்னால், காய்ந்த பிரஷால் துடைத்துவிட வேண்டும். தண்ணீர் மட்டும் ஆகவே ஆகாது. பட்டால் தூசி இறுகி, இலைமேல் கொத்தனார் பூசின மாதிரி ஆகிவிடும். ஏழாவதோடு படிப்பை நிறுத்தியவர், இதை முதல் வருஷம் மூன்று மரங்களைக் கொன்று கற்றுக்கொண்டார்.

வருஷம் ஒருமுறை மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி வருவார். மரம் பச்சையாக இருந்தால் காற்றும் நன்றாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்.

இந்த வருஷம் மேனேஜர் புதியவர். முன்பு சோப்புக் கம்பெனியில் இருந்தவர். தண்ணீர் விட்டால் எதுவும் சுத்தமாகும் என்று நம்புகிறவர்.

“இன்ஸ்பெக்‌ஷன் நல்லபடியா முடிஞ்சா உன்ன பெர்மனென்ட் பண்றேன்” என்றார்.

மேக்கப்மேன் இதை மனைவியிடம் மட்டும் சொன்னார். அதனால் தெரு முழுக்கத் தெரிந்தது. மச்சினன் வந்து முன்கூட்டியே வாழ்த்திவிட்டு, இரண்டு வேளை சாப்பிட்டுவிட்டுப் போனான்.

அதிகாரி வருவதற்கு முந்தின நாள் மத்தியானம், மேனேஜர் ஏணிக்கடியில் வந்து நின்றார்.

“ஒவ்வொரு இலையா தடவிக்கிட்டிருந்தா எப்ப முடியும்? பைப்ப எடுத்து அடி.”

“தண்ணி பட்டா கட்டியாயிடும் சார்.”

“எது?”

“சிமென்ட்டு.”

“சிமென்ட் பத்தி எனக்கே பாடம் எடுக்கறியா?”

மேக்கப்மேனுக்கு பெர்மனென்ட் ஆர்டர் கண்ணுக்குள் வந்தது. வாயை மூடிக்கொண்டு பைப்பைத் திறந்தார்.

மறுநாள் காலை, நாற்பது மரங்களும் மரத்துக்கு வைத்த சிலை மாதிரி நின்றன. காற்றடித்தால் இலை சலசலக்கவில்லை. டக் டக்கென்று தட்டிக்கொண்டது. வந்த அதிகாரியம்மா ஓர் இலையை மடக்கினார். பிஸ்கட் மாதிரி உடைந்தது.

“யாரு தண்ணி அடிச்சது?”

“தோட்டக்காரன் மேடம்” என்றார் மேனேஜர். “அவனுக்கு வெவரம் பத்தாது.”

எல்லோரும் மேக்கப்மேனைப் பார்த்தார்கள். பழியை அவர் வாங்கிக்கொண்டிருப்பார். அந்த ஆர்டருக்காக என்ன வேண்டுமானாலும் வாங்கிக்கொண்டிருப்பார். ‘வெவரம் பத்தாது’ என்பது மட்டும் தொண்டைக்குள் இறங்கவில்லை.

“தண்ணி அடிக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியும்மா. பதினோரு வருஷமா காஞ்ச பிரஷ்லதான் தொடைக்கிறேன்.”

அதிகாரியம்மாவின் பேனா நின்றது. “எதுக்குத் தொடைக்கிறீங்க?”

“நீங்க வருவீங்கன்னுதான்.”

“நான் வருஷத்துக்கு ஒரு நாள்தானே வரேன்?”

“அந்த ஒரு நாள் வரைக்கும் மரம் உசுரோட இருக்கணுமே. ஒரு வாரம் விட்டா இலை நிக்காது.”

மேனேஜர் மேகத்தைப் பார்த்தார். அதிகாரியம்மா மூன்று பக்கம் எழுதினார்.

பத்தாம் நாள் மாசுக் கட்டுப்பாட்டு ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. மனைவிதான் பிரித்துப் படித்தாள். தூசியைப் பிடிக்கிற வடிகட்டியை மூன்று மாதத்துக்குள் மாட்ட வேண்டும். அதுவரை இலையை யாரும் தொடக் கூடாது. எந்த மரம் எவ்வளவு உதிர்க்கிறது என்று தினமும் கணக்கெடுக்க வேண்டும். கணக்கெடுப்பவர் இவர். அறிக்கை முடியும் வரை இவரை மாற்றக் கூடாது.

“பெர்மனென்ட்டுன்னு போடலியே?” என்றாள்.

“இல்ல. ஆனா இப்போதைக்கு எடுக்கவும் முடியாது.”

“உங்க விஷயத்துல எனக்கும் அதே கதிதான்” என்று கடிதத்தை மடித்தாள்.

திங்கட்கிழமை, நோட்டும் பென்சிலுமாக மரத்தடியில் நின்றார். முதல் மரத்தில் பன்னிரண்டு இலை விழுந்திருந்தது. அடுத்ததில் பத்தொன்பது. ஏணியும் பிரஷும் ஸ்டோர் ரூமில் பூட்டிக் கிடந்தன.

பதினேழாவது மரத்தில், கைக்கு எட்டுகிற உயரத்தில், சின்னதாக ஒரு கொழுந்து புதிதாக விட்டிருந்தது. அதன்மேல் வெள்ளையாகத் தூசி. வலது கை தானாக அந்தப் பக்கம் போனது. இடது கையால் அதைப் பிடித்து இறக்கி, எழுத வைத்தார்: ‘பதினேழு. கொழுந்து ஒன்று. தூசி படிந்திருக்கிறது. தொடவில்லை.’