சம்மட்டி என்கிற கண்ணாடிக்காரர்

கடைக்குள் யார் நுழைந்தாலும் கண்ணாடிக்காரர் தலையை நிமிர்த்த மாட்டார். வலது கையின் ஆள்காட்டி விரலை மட்டும் தூக்கிக் காட்டுவார். ஒரு நிமிஷம் என்று அர்த்தம். இடது கையில் போன் இருக்கும். கட்டைவிரல் அதில் ஓடிக்கொண்டே இருக்கும். பந்து பட்டு ஜன்னல் உடைந்தவரும் மீன்தொட்டி ஒழுகுகிறவரும் குளியலறைக் கண்ணாடியில் புள்ளி விழுந்தவரும் அந்த விரலுக்குக் கட்டுப்பட்டு வாசலிலேயே நிற்பார்கள். எழுதி முடித்ததும் விரல் இறங்கும். போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "சொல்லுங்க, எதப் போட்டு ஒடைச்சீங்க?" என்பார். காத்திருந்த எரிச்சல் மறந்து வந்தவர் சிரித்துவிடுவார். முகம் அப்படி. ஒரு மனிதரைத் திட்டத் தெரியாத முகம்.

நான் எதிர் வீட்டு மாடியில் இருக்கிறேன். பள்ளிப்படிப்பு முடிந்து இன்னும் எதிலும் சேரவில்லை. பகலெல்லாம் ஜன்னலோரம்தான். அதனால் அவர் வேலை செய்வதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சாக்கு விரித்த பெரிய மேசை. அதன் மேல் கண்ணாடியைப் படுக்க வைப்பார். கண்ணாடி அறுக்கும் கட்டரை மண்ணெண்ணெயில் தொட்டு, மரச்சட்டத்தை ஒட்டி, மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. ரொட்டியில் கத்தி இறங்குவது போன்ற மெல்லிய சத்தம் கேட்கும். கோடு விழுந்ததும் உடனே ஒடித்துவிட வேண்டுமாம். "கோடு ஆறக் கூடாது. ஆறிப்போச்சுன்னா கண்ணாடி நம்ம பேச்சக் கேக்காது. அது இஷ்டத்துக்கு ஒடையும்" என்பார். முன்பெல்லாம் கோடு போட்ட கை அப்படியே கண்ணாடியின் ஓரத்தைப் பிடித்து டக்கென்று ஒடிக்கும். இப்போது கோட்டுக்கும் ஒடிப்புக்கும் நடுவில் போன் வந்துவிட்டது. மேசைக்கடியில் இருக்கும் தகர டப்பாவில் கோணல் துண்டுகள் நிறைந்துகொண்டே வருகின்றன.

கண்ணாடியைப் பழைய படுக்கை விரிப்பில் சுற்றிக் கொடுப்பார். குளிர்காலத்தில் குழந்தையைச் சுற்றுவது போல இருக்கும். கொடுக்கும்போது யாராக இருந்தாலும், "பாத்து, கை" என்பார். எறும்பு மேசையில் ஊர்ந்தால் ஊதித் தள்ளுவார், நசுக்க மாட்டார். பக்கத்துத் தையற்கடைக்காரர் வாசலை மறைத்து வண்டியை நிறுத்தினால், தானே கண்ணாடியைச் சாய்த்துச் சாய்த்து இடுக்கில் கொண்டுபோவாரே தவிர, எடு என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்.

இந்த மனிதர்தான் போனுக்குள் சம்மட்டி.

தன் பக்கத்துக் கட்சிக்காரர்கள் ஆயிரக்கணக்கில் கூடியிருக்கும், யாரும் எட்டிப் பார்க்கக்கூடிய ஒரு குழுவில் அவருக்கு அந்தப் பெயர். படத்துக்கு ஒரு சிங்கத்தை வைத்திருக்கிறார். எதிர்ப்பக்கத்து ஆட்களை அங்கே அவர் திட்டுகிற திட்டை இங்கே எழுத முடியாது. முதன்முறை படித்தபோது, இது இந்த விரல்கள் எழுதியதுதானா என்று ஜன்னல் வழியே அவர் கைகளைப் பார்த்தேன். ஒரு துண்டுக் கண்ணாடியில் இருந்த தூசியைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவிக்கும் விஷயம் தெரியும். "அங்க சம்மட்டி. இங்க பஞ்சு மிட்டாய். குழாய் ஒழுகுதுன்னு வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்த கேக்க வாய் வராது" என்று அவர் எதிரிலேயே சொல்வாள். அவர் சிரித்துக்கொள்வார்.

அவரும் ஆரம்பத்தில் இப்படி எழுதவில்லை. சேர்ந்த புதிதில், தான் வளைத்து அறுத்துப் பொருத்திய ஒரு வட்ட ஜன்னலின் படத்தைப் போட்டாராம். ஒரு வாரம் உழைத்த வேலை. மூன்று பேர் விரும்பியிருந்தார்கள். அதில் ஒருவர் மாப்பிள்ளை. அடுத்த நாள் ஏதோ கோபத்தில், எதிர்ப்பக்கத்துக்காரன் ஒருவனைப் பற்றி இரண்டு வரி கேவலமாக எழுதினார். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் போன் சூடாகிக் கிடந்ததாம். "அண்ணே பின்னிட்டீங்க", "அண்ணே நீங்க எங்க இருந்தீங்க இவ்வளவு நாளா". இதை என்னிடம் சொல்லும்போது அவர் குரல் குழைந்தது. "எம்பது வீட்டுக்கு ஜன்னல் போட்டிருப்பேன் பாப்பா. ஒருத்தர் வந்து நல்லாருக்குன்னு சொன்னதில்ல. ஜன்னல் நல்லா இருந்தா அது கண்ணுக்கே தெரியாது, அதான் தொழில். இவங்க யாருன்னே தெரியாது. தெனமும் காலைல சாப்டீங்களாண்ணேன்னு கேக்கறாங்க."

மாப்பிள்ளை என்றால் அவருடைய தங்கை கணவர். இருபது வருஷமாகத் தொழிலில் கூட்டாளி. பெரிய கண்ணாடியைத் தனியாள் தூக்க முடியாது. மாடிப்படியில் மேலே போகிறவர் பின்பக்கமாக ஏற வேண்டும். அவருக்குப் படி தெரியாது. கீழே நின்று தூக்குகிறவர் சொல்லச் சொல்ல, அந்தக் குரலை நம்பித்தான் காலை வைக்க வேண்டும். மேலே எப்போதும் கண்ணாடிக்காரர், கீழே மாப்பிள்ளை. மாப்பிள்ளை எதிர்க்கட்சி. ஏறும்போதே அரசியலும் ஏறும்.

"படி. இன்னொரு படி மச்சான். இது உங்க தலைவர் சொன்ன பொய்யவிடச் சின்னதுதான், பாத்து வைங்க."

"உங்க ஆளு தின்ன கமிஷன்ல இந்த மாடியையே வாங்கலாம் மாப்ள. சரி, திருப்பம் வருதா?"

"வருது வருது. எடது பக்கம் ஒடிங்க. எடதுன்னா எடது, உங்க கட்சி மாதிரி ரெண்டு பக்கமும் சாயாதீங்க."

மேலே போய்ச் சேரும்போது இருவரும் சிரித்ததில் மூச்சு வாங்குவார்கள். எங்கள் வீட்டு ஜன்னலுக்கு அவர்கள் கண்ணாடி கொண்டுவந்த அன்று நானே காதால் கேட்டேன்.

பிறகு படிகளில் பேச்சு குறைந்தது. போனில் கூடியது. குடும்பக் குழுவில் இருவரும் நாளெல்லாம் எழுதிக்கொண்டார்கள். படியில் மாப்பிள்ளை "படி", "படி" என்று மட்டும் சொன்னார். ஒரே கண்ணாடியின் இரண்டு ஓரத்தைப் பிடித்துக்கொண்டே ஆளுக்கு ஒரு பக்கம் பார்த்தார்கள். அப்போதும் கண்ணாடி உடையவில்லை.

உடைந்தது வேறு விதமாக. ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் சுவர் முழுக்கக் கண்ணாடி பதிக்கிற வேலையை மாப்பிள்ளை தனியாக எடுத்து, ஆள் வைத்து முடித்தார். அதைப் படம் பிடித்துக் குடும்பக் குழுவில் போட்டார். கீழே ஒரு வரி: "உங்க தலைவர இதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் நிக்க வைங்க மச்சான், கண்ணாடி தானா கழண்டு கீழ வந்துடும்." வழக்கமான கிண்டல்தான். பழைய நாளாக இருந்தால் படியில் ஏறும்போது சொல்லிச் சிரித்திருப்பார்கள்.

கண்ணாடிக்காரர் அதை அப்படியே படமாக்கித் தன் குழுவில் போட்டார். "துரோகி வெளியே இல்லை மக்களே, என் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான்" என்று எழுதினார். போடுவதற்கு முன் மாப்பிள்ளையின் பெயரையும் எண்ணையும் விரலால் தேய்த்துத் தேய்த்துக் கறுப்பாக்கினார். அந்த அளவுக்கு நிதானம் இருந்தது. ஆனால் படத்தில் இருந்தது கண்ணாடி. கண்ணாடிக்குள் போனைப் பிடித்தபடி மாப்பிள்ளை நின்றார். பக்கத்தில், வேலைக்குப் போகிற வழியில் அப்பாவுக்குச் சாப்பாட்டு டப்பா கொடுக்க வந்த அவர் மகள் நின்றாள். அவள் சட்டையில் அவள் வேலை செய்யும் பல் ஆஸ்பத்திரியின் பெயர் இருந்தது.

கண்ணாடிக்காரர் அதைப் பார்க்கவில்லை. கண்ணாடி வேலை செய்கிறவர்கள் கண்ணாடியில் கீறல் இருக்கிறதா, ஓரம் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதில் யார் தெரிகிறார்கள் என்று பார்ப்பதில்லை. "பத்து தடவ பாத்துட்டுதான் போட்டேன் பாப்பா. கீழ் மூலைல பசை வழிஞ்சிருந்தது கூடத் தெரிஞ்சுது" என்று பின்னால் என்னிடம் சொன்னார். நான் நம்புகிறேன்.

மற்றவர்கள் பார்த்தார்கள். படத்தைப் பெரிதாக்கி, கண்ணாடிக்குள் இடவலம் மாறி இருந்த எழுத்தைத் திருப்பிப் போட்டு, ஆஸ்பத்திரியைக் கண்டுபிடித்தார்கள். பல்லைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கள் அதற்கு இணையத்தில் ஒற்றை நட்சத்திரம் கொடுத்தார்கள். வரவேற்பு மேசையில் அவள் எடுத்த ஒவ்வொரு அழைப்பிலும் யாரோ சிரித்தார்கள், அல்லது அசிங்கம் பேசினார்கள். அவள் போனுக்கு வந்ததையெல்லாம் என்னிடம் காட்டினாள். அவளும் நானும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. நான் பாதியில் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆஸ்பத்திரி மேலாளர் அவளை வீட்டில் இருக்கச் சொன்னார். எங்கள் வகுப்பில் முதலில் வேலைக்குப் போனவள் அவள்தான்.

விஷயம் தெரிந்ததும் கண்ணாடிக்காரர் தடுக்க ஓடினார் என்றே சொல்ல வேண்டும். படத்தை நீக்கினார். "அது என் மருமகள். சின்னப் பெண். விட்டுவிடுங்கள்" என்று குழுவில் கெஞ்சினார். படம் அதற்குள் எங்கெங்கோ போய்விட்டிருந்தது. குழு அவர் பக்கம் திரும்பியது. சம்மட்டி விலைபோய்விட்டான், உள்ளே இருந்த எதிரி இவன்தான் என்று எழுதினார்கள். காலையில் சாப்பிட்டீர்களா என்று கேட்டவர்கள் அதைக் கேட்பதையும் நிறுத்திவிட்டார்கள். அந்த நாட்களில் அவர் கடையைப் பாதிதான் திறந்தார். போன் மேசையில் கிடக்கும். அது அதிராதா என்று பார்த்தபடி நிற்பார். வந்தவர்களுக்கு விரல் தூக்கவும் இல்லை.

மறுபக்கத்தில் மாப்பிள்ளையைத் தூக்கிக் கொண்டாடினார்கள். பாதிக்கப்பட்ட தந்தை என்று பெயர் வைத்தார்கள். இப்போது அவரும் தினமும் எழுதுகிறார். கடைக்கு வருவதில்லை.

தங்கை ஒரு நாள் கடைக்கு வந்தாள். நானும் இருந்தேன்.

"அண்ணா, அவ மேனேஜர் நல்ல மனுஷன். படம் போட்டவரே இது என் தப்பு, அந்தப் பொண்ணுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லன்னு எழுதினா, அத முதலாளிகிட்ட காட்டி உள்ள எடுத்துக்கறேங்கறார். இல்லன்னா திங்கக்கிழம வேற ஆள்."

"எழுதறேம்மா."

"அந்தச் சிங்கம் பேர்லதான் எழுதணும். எங்கிட்ட அழுது புண்ணியமில்ல."

"எழுதறேன்னு சொல்றேன்ல."

"அங்க வீட்டுல ஒருத்தர் போனும் கையுமா. இங்க நீ. ரெண்டு பேருக்கும் கைதட்ட ஊரே இருக்கு. எம் பொண்ணு போன அணைச்சு அலமாரில துணிக்கு அடில வெச்சிருக்கா. கதவு தட்டினா யாருன்னு கேக்கக் கூட மாட்டேங்கறா."

அவர் கண் கலங்கியது. பொய்க் கலக்கம் இல்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "அவ மூணு வயசுல இந்த மேசைக்கு அடிலதான் தூங்குவா. கண்ணாடி சத்தம் கேட்டாத்தான் தூக்கம் வரும். நான் செய்ய மாட்டேனா?" என்றார்.

அன்று சாயங்காலம் சம்மட்டியின் பக்கத்தைப் பார்த்தேன். எழுதியிருந்தார். "சொந்தம் வேறு, கொள்கை வேறு. என் ரத்தமே எதிரே நின்றாலும் நான் மாற மாட்டேன்." கீழே கூட்டம் நிரம்பி வழிந்தது. அண்ணன் திரும்பி வந்துட்டாரு. அண்ணே, நீங்க இல்லாம களமே காலியா இருந்துச்சு. சாப்டீங்களாண்ணே.

மறுநாள் கடைக்குப் போய்க் கேட்டேன். "மொதல்ல அவங்க என்ன நம்பணும் பாப்பா. நம்பினாத்தான் நான் சொன்னா கேப்பாங்க. அப்புறம் பக்குவமா அந்த விஷயத்த எழுதிடுவேன்" என்றார். திங்கட்கிழமைக்கு முன்னால் எழுதிவிடுவீர்களா என்று கேட்டேன். "எம் மருமகளுக்கு எழுதாம?" என்றார். சொல்லும்போது அதை முழுசாக நம்பினார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வெள்ளி போயிற்று, சனி போயிற்று. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் மகள் என் வீட்டுக்கு வந்தாள். நாட்கணக்காக வெளியே வராதவள், தலையை ஒழுங்காக வாரி, ஆஸ்பத்திரிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தாள். "மாமா முன்னாடி போய் நின்னா எழுதிடுவார். என்னப் பாத்தா அவருக்குத் தாங்காது. நீயும் வாயேன்" என்றாள்.

தெருவைக் கடந்தோம். கடை முழுசாகத் திறந்திருந்தது. மேசையில் ஒரு ஜன்னல் கண்ணாடி கிடந்தது. கட்டரால் இழுத்த கோடு அதன் குறுக்கே மயிரிழை போல ஓடியது, இன்னும் ஒடிக்கப்படவில்லை. அவர் மேசையில் சாய்ந்து நின்றபடி போனில் எழுதிக்கொண்டிருந்தார். பக்கவாட்டில் நின்ற எனக்குத் திரை தெரிந்தது. யாரோ முகம் தெரியாத ஒருவன், கூலிக்கு எழுதுகிறவன் என்று சம்மட்டியைச் சொல்லியிருந்தான். அவனுக்குப் பதில் வளர்ந்துகொண்டிருந்தது.

"மாமா" என்றாள் அவள்.

கட்டைவிரல் நிற்கவில்லை. அவர் தலையை நிமிர்த்தாமல் வலது கையை உயர்த்தி, அவள் முகத்துக்கு நேரே ஒரு விரலைக் காட்டினார்.