அக்காவின் நினைவு அட்டை

எழுதித் தரும் ஏஐ என்று எவனாவது என்னிடம் பேச்செடுத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ‘வெறும் கருவிதானே சார்’ என்பார்கள். கருவியாம், கருவி! அதைக் கையில் எடுத்துத்தான் என் சொந்த அக்காவை யாரோ ஒரு பொம்பளையாக மாற்றினேன்.

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் முப்பதாம் நாள் நினைவுத் திருப்பலி முடிந்ததும், இறந்தவர் படத்தோடு ஒரு சின்ன அட்டை கொடுப்பார்கள். படத்துக்குக் கீழே நாலு வரி இருக்கும். அதை ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்வோம். வருஷக்கணக்கில் அங்கேயே கிடக்கும். அக்கா போனபோது மாமா என்னைக் கூப்பிட்டார். அக்கா வீட்டுக்காரர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்தவர்.

“நாலு வரி எழுதிக் குடு மச்சான். நீதான பொஸ்தகமெல்லாம் எழுதுற.”

எழுத முடியவில்லை. ஐந்து நாள் உட்கார்ந்தேன். காரணம் எனக்குத் தெரியும். என் கடைசிப் புத்தகத்தைப் பற்றி அக்கா, “நாலு பக்கத்துக்கு மேல ஓடலடா” என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். அந்த ரோஷத்தில் ஒன்றரை வருஷம் மூலக்குளத்திலிருந்த அவள் வீட்டுப் பக்கம் நான் தலைவைத்துப் படுக்கவில்லை. கிறிஸ்துமஸ் அன்று அவளிடமிருந்து இரண்டு தடவை போன் வந்தது. நான் எடுக்கவில்லை. அடுத்த மாதம் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவளிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு மிச்சமிருந்தது அந்த நாலு வரிதான்.

முத்தியால்பேட்டை அச்சகத்துக்காரர் மூன்றாவது தடவையாகக் கூப்பிட்டார். “சார், மேட்டர் இன்னும் வர்ல. உங்க ஒரு வேலைக்காகத்தான் நிறுத்தி வெச்சிருக்கேன்.”

போனில் அந்தச் சனியனைத் திறந்தேன். பாசமான அக்கா, வயது எழுபத்தொன்று, கத்தோலிக்கர் என்று தட்டினேன். நான் விரலை எடுப்பதற்குள் வந்து விழுந்தது: அன்பின் ஊற்றே, பொறுமையின் சிகரமே, புன்னகையால் இல்லத்தை ஒளிரச் செய்த தீபமே, இறைவனின் நிழலில் இளைப்பாறுவாயாக. அத்தோடு விட்டதா? இன்னும் உருக்கமாக மாற்றித் தரட்டுமா என்று கேட்டது. வெட்கமில்லாமல் ‘சரி’ என்று போட்டேன்.

பொறுமையின் சிகரமாம்! அக்கா கத்தினால் நாலு வீடு தள்ளிக் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமாவின் சிநேகிதர்களோடு பெலோத் ஆட உட்கார்ந்தால், நல்ல சீட்டு வந்ததும் காதைச் சொறிந்து மாமாவுக்குச் சைகை காட்டுவாள். பிடிபட்டால், “கொசு கடிக்குது, சொறியக் கூடாதா?” என்று எதிராளியிடமே சண்டைக்குப் போவாள். இதெல்லாம் தெரிந்த ஒருவன் நான் இருந்தேன். அதற்கு ஒன்றும் தெரியாது. தெரியாததே அதற்கு வசதி, எனக்கும் வசதி.

திருப்பலி முடிந்து அட்டையை வாங்கியவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். “உங்க கை பட்டாலே தனிதான் சார்” என்றார் ஒருவர். தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டேன். மாமா மட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்துவிட்டு, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பத்து நாள் கழித்து மூலக்குளம் போனேன். மேஜைமேல் அவருடைய ஜெபப் புத்தகம் இருந்தது. புரட்டினேன். அட்டையில் நான் கொடுத்த நாலு வரியையும் ஸ்கேல் வைத்து, பிசகாமல் அடித்திருந்தார். கீழே பால்பாயிண்ட் பேனாவில் கோணல்மாணலாக எழுதியிருந்தது: சீட்டுல ஏமாத்துவா. கத்துவா. இப்ப வீட்ல சத்தமே இல்ல.

மாமா காப்பியோடு வந்தார். அட்டை என் கையில் இருப்பதைப் பார்த்தும் அவர் பதறவில்லை.

“எனக்குத் தமிழ் அவ்ளோவா எழுத வராது மச்சான். தப்பு இருந்தா திருத்திக் குடு” என்று பேனாவை நீட்டினார்.

நான் பேனாவை வாங்கவில்லை. “அத நான் எழுதல மாமா. மெஷின் எழுதிச்சி.”

“தெரியும். அவள அதுக்குத் தெரியாதுல்ல.”

அதற்கு மேல் மறைக்க என்ன இருக்கிறது? “கிறிஸ்துமஸ் அன்னிக்கி அக்கா போன் பண்ணா. வேணும்னேதான் நான் எடுக்கல” என்றேன்.

“அதுவும் தெரியும். ‘எடுக்க மாட்டான், வுடு’ன்னா. ரெண்டாவது தடவ போட்டது நான்தான்.” காப்பியை என் பக்கம் நகர்த்தினார். “நாலு வரிதான கேட்டேன். இத எழுதியிருக்கலாம்ல?”