சிவப்புத் துணி கட்டிய ஜாடி

பதுளைச் சோடாவில் எலும்பைக் கரைக்கிற தண்ணீர் கலக்கிறார்களாம் என்று பசறைச் சந்தையில் யாரோ சொன்னதைக் கேட்டு வந்து, தையல்காரர் பலீல் இத்ரூஸிடம் சொன்னார். சோடாக் கம்பனி வைத்திருந்த இத்ரூஸ் கோபப்படவில்லை. ஒரு போத்தலை எடுத்து, கண்ணாடிக் குண்டைக் கட்டைவிரலால் உள்ளே தள்ளி, பொங்கியதை அப்படியே குடித்து ஏப்பம் விட்டார்.

“எலும்பு இன்னும் இருக்கா, பாத்துச் சொல்லுங்க.”

வதந்தியில் பாதி உண்மைதான். கந்தகத் திராவகம் இல்லாமல் அந்தக் காலத்தில் சோடா இல்லை. ஈயத்தகடு பதித்த பீப்பாயில் சுண்ணாம்புக்கல் தூள் கிடக்கும். அதன்மேல் திராவகம் சொட்டுச் சொட்டாக இறங்க, கிளம்புகிற காற்றைத் தண்ணீரில் கழுவிப் போத்தலில் அடைப்பார்கள். திராவகம் பீப்பாயோடு நின்றுவிடும். இதைக் கடைத்தெருவில் சொல்லிச் சொல்லி அவருக்கு வாய் வலித்திருந்தது.

ரயில் பண்டாரவளையோடு நின்றுபோன வருஷங்கள் அவை. அங்கிருந்து மாட்டுவண்டியில், வைக்கோல் திணித்த பிரம்புக் கூடைகளுக்குள் உட்கார்ந்த பெரிய கண்ணாடிக் குடுவைகளில் திராவகம் வரும். பனி விலகாத காலையில் சலங்கை கேட்டதுமே இத்ரூஸ் தோல் கவசத்தைக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார். குடுவையைத் தனியாள் தூக்கக் கூடாது. பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி நிறைந்திருக்க வேண்டும். தண்ணீருக்குள் திராவகத்தை மெல்ல ஊற்றலாம். திராவகத்துக்குள் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். அவருடைய இடது கன்னத்தில் வழவழவென்றிருந்த தழும்பு, அந்தப் பாடத்தைப் படித்த இடம்.

தேயிலைத் தோட்டத் துரைமார் மோட்டார் வாங்கிய பிறகு, பெட்டரிக்குத் திராவகம் கேட்டும் அவரிடமே ஆள் வந்தது. மண்ஜாடியில் ஊற்றி, வாயை அடைத்து, சீட்டு ஒட்டிக் கொடுப்பார். வண்டிக்காரர்களுக்கு எழுத்துத் தெரியாது என்று கண்டதும், ஜாடியின் கழுத்தில் சிவப்புத் துணி கட்டத் தொடங்கினார். அந்த யோசனையில் அவருக்குக் கொஞ்சம் பெருமை. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் வாயாலும் சொல்லியே அனுப்புவார்.

மடுல்சீமைத் தோட்டத்துத் துரைக்கு ஒரு ஜாடி போன அந்த வெள்ளிக்கிழமை மட்டும் சொல்லவில்லை. ஜும்ஆத் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. துணிதான் கட்டியிருக்கிறதே என்று போய்விட்டார். வண்டிக்காரர் வீரய்யா புது ஆள். அதே வண்டியில், அந்தத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கென்று வருஷாவருஷம் இத்ரூஸ் இனாமாகக் கொடுக்கிற சர்பத் பெட்டிகளும் இருந்தன. ஒரு வருஷம் அந்தத் திருவிழாவுக்கு அவரே போயிருந்தார். தொழிலாளர் லயத்துப் பிள்ளைகள் துரத்தித் துரத்தி மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். மஞ்சளாய்ப் போன வெள்ளைச் சாரத்தை மனைவி ஸகீனா எத்தனை வெளுத்தும் கறை போகவில்லை. அவர் அதையே ஆசையாகக் கட்டிக்கொண்டு திரிந்தார்.

வீரய்யா திரும்பி வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு.

“மொதலாளி, ஒங்க நேர்த்திக்கடன் ஜாடிய அம்மன் காலடியில வச்சிட்டேங்க.”

“எந்த ஜாடி?”

“செவப்புத் துணி கட்டியிருந்துச்சே, அதுதாங்க. அல்லாவக் கும்புடுறவரு நம்ம ஆத்தாளுக்கு நேந்திருக்காருன்னு பூசாரிக்கு அழுகையே வந்திருச்சு. பன்னீரா இருக்கும், மஞ்சத்தண்ணிய அந்த ஜாடியிலேயே ஊத்திக் கலந்து, மொதல்ல புள்ளைங்களுக்குத் தெளிக்கிறேன்னாரு.”

“எப்ப?”

“இன்னிக்கித்தாங்க. வெயில் ஏறுனதும்.”

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வண்டியில் போனால் மடுல்சீமைக்கு இரண்டு நாள். இத்ரூஸ் தோல் கவசத்தோடு தபால் கந்தோருக்கு ஓடினார். அங்கே டெலிபோன் வந்து அதிக காலமாகவில்லை. தோட்டத்துக் கந்தோருக்குத் தொடுத்துக் கொடுத்த தபால் கந்தோர் நல்லையா, தோட்டத்துத் துரை நுவரெலியா போயிருப்பதாகக் கேள்வி, கிளாக்கர் இருந்தால்தான் உண்டு என்றார்.

கிளாக்கர் எங்கே இருப்பார் என்று இத்ரூஸுக்குத் தெரியும். இவர் திருவிழாவுக்குப் போயிருந்த வருஷம், அந்தக் கிளாக்கர்தான் கந்தோரைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு, மஞ்சள் தண்ணீரின் முதல் குடத்தை இவர் தலையில் கவிழ்த்தவர்.

“எடுக்கக் காணல்ல நானா. வெச்சிரவா?”

“வெக்காதீங்க.”

இத்ரூஸ் டெலிபோன் குழாயைக் காதோடு அழுத்திக்கொண்டார். மலைக்கு அப்பால், பூட்டிய அறைக்குள், மணி அடித்துக்கொண்டே இருந்தது.