ஆய்த்து என்றால் ஆயிற்றா?

விமானப்படையில் சேர்ந்த நாளில் என் தோளில் பட்டை எதுவும் இல்லை. கையில் ஒரு ஸ்பானர் இருந்தது. கன்னட நாட்டிலிருந்தும் தமிழே பேசும் கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்து, விமானம் பழுதுபார்க்கும் படைவீரனாகத் தொடங்கி, பணியிலிருந்தபடியே தேர்வுகள் எழுதி அதிகாரியாகி, அப்போது விங் கமாண்டர் வரை உயர்ந்திருந்தேன். ஆங்கிலமும் இந்தியும் பாசறையில் கற்றவை. இந்த உரைநடைத் தமிழ், செய்தித்தாளையும் இரவல் நூல்களையும் பார்த்து நானே பழகிக்கொண்டது. இவற்றில் எதையும் நான் குறையாக எண்ணியதில்லை.

பெங்களூரில் எங்கள் தளத்தின் ஹெலிகாப்டர்களைப் பராமரிக்கும் பொறுப்பு என்னுடையது. அடுத்த படி குரூப் கேப்டன். படைவீரனாக நுழைந்தவர்களுள் அந்தப் படியை எட்டியவர் மிகச் சிலர். அது எனக்குக் கிட்டுமா என்பதை எங்கள் தளத் தலைவர் அம்மாதம் எழுதவிருந்த அறிக்கை தீர்மானிக்கும். அவர் வடநாட்டவர், தாமதத்தை அவமதிப்பாகக் கருதுபவர்.

அன்று டெல்லியிலிருந்து வந்த உயரதிகாரி ஒருவரை ஏற்றிக்கொண்டு ஒரு ஹெலிகாப்டர் புறப்பட வேண்டியிருந்தது. அதைத் தயார்செய்தவர்கள் இருவர். ஒருவர் திருநெல்வேலியிலிருந்து புதிதாக வந்திருந்த இளம் பொறியியல் அதிகாரி. மற்றவர் கர்நாடகத்தின் ஹாசன் பகுதியைச் சேர்ந்த சார்ஜென்ட், கைதேர்ந்த தொழில்நுட்பர். இருவருக்கும் இந்தி கரடுமுரடு. ஆகவே அவர் தமிழில் சொல்வார், இவர் கன்னடத்தில் பதில் தருவார்.

“கன்னடம் ஒண்ணும் கஷ்டமில்ல சார். ‘ப’வை ‘ஹ’ ஆக்கினா முடிஞ்சுது. பால் ஹாலு, பல் ஹல்லு” என்று இளைஞர் என்னிடம் பெருமையடித்துக்கொண்டபோது, சார்ஜென்ட் துணியில் கையைத் துடைத்தபடியே கேட்டார்: “ஹாகாதரெ, அப்படியானா பஸ்ஸுக்கு ஹஸ்ஸா சார்?”

விமானி சுற்றிப் பார்த்துவிட்டு இருக்கையில் அமர்ந்த பிறகு, எஞ்சின் மூடியின் ஓரத்தில் எண்ணெய்க் கறை போன்ற ஒன்று தென்பட்டது. ஏணியில் ஏறி மூடியைத் திறந்து, துடைத்து, மூடி, ஏணியைக் கொட்டகைக்கு அனுப்பிவிட்டார்கள். சிறிது நேரத்தில் விசிறி சுழலத் தொடங்கியது. தளத் தலைவர் என் பக்கத்தில் நின்றிருந்தார். இளைஞர் என்னிடம் வந்து சொன்னார்:

“எல்லாம் சரியா இருக்கு சார். மூடியோட தாழை எதுக்கும் இன்னொருக்கா ஏறிப் பாத்திருங்கன்னேன். ஆய்த்துன்னுட்டாரு.”

“ஏறிப் பாத்துட்டு வந்து சொன்னாரா, நீங்க சொன்ன உடனே சொன்னாரா?”

“உடனேதான் சார். கீழ நின்னுக்கிட்டே.”

“ஏறினதை நீங்க பாத்தீங்களா?”

“இல்ல சார். அவர்தான் ஆயிட்டுன்னாரே?”

அந்தச் சொல்லை நம்பி நானும் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். நான் பெங்களூருக்கு மாற்றலாகி வந்த புதிதில், பிரேசர் டவுன் தையற்காரர் ஒருவரிடம் சீருடையைக் கொடுத்து, இடுப்பைச் சற்றுப் பிடித்துத் தரும்படி கேட்டேன். “ஆய்த்து சார்” என்றார். எடுத்துத் தருவார் என்று நானும் கையை நீட்டியபடி நின்றேன். அவர் என் கையைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். “நாளைக்கு வாங்க சார்” என்றார். கன்னடத்திலும் அச்சொல்லுக்கு ‘முடிந்தது’ என்ற பொருள் உண்டு. ஆனால் ஒரு வேலையைச் சொன்னவுடன் பதிலாக வரும்போது அது ‘சரி, செய்கிறேன்’ என்பதே. தமிழ்க் காதுக்கோ அது எப்போதும் ஆயிற்றுதான்.

தாழ் சரியாக விழாத மூடி பறக்கும்போது பிய்ந்தால், வாலிலுள்ள விசிறியில்தான் போய் அடிக்கும். கீழிருந்து பார்த்தால் தாழ் தெரியாது. சார்ஜென்ட்டையும் காணவில்லை. தாழ் சரியாக இருந்துவிட்டால், டெல்லி விருந்தினர் முன்னிலையில், ஒரு சொல்லை நம்பி ஓடும் எஞ்சினை நிறுத்தியவன் என்ற பெயர் என் அறிக்கையில் ஏறும். அதை நன்கறிந்தே முன்னால் நடந்தேன். விமானியின் கண்ணைப் பார்த்து, கழுத்துக்குக் குறுக்கே கையை இழுத்துக் காட்டினேன். எங்கள் தொழிலில் அதற்கு ‘எஞ்சினை அணை’ என்று பொருள். அதை எவரும் மறுத்துப் பேசுவதில்லை.

விசிறி ஓய்ந்தது. தளத் தலைவரின் முகம் சிவந்திருந்தது. அவர் வாய் திறக்குமுன், கொட்டகைப் பக்கமிருந்து சார்ஜென்ட் தோளில் ஏணியுடன் ஓடிவந்தார்.

“நான் ஏணி தரோதுக்குள்ளே ஸ்டார்ட்டா சார்?”

ஏறினார். மூடியைத் தொட்டார். அங்கிருந்தே கத்தினார்: “ஒந்து ஓப்பன் இதே சார்!”

தளத் தலைவர் யாரையும் கேட்காமல் தாமே ஏணியில் ஏறி, திறந்துகிடந்த அந்த ஒரு தாழை விரலால் ஆட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார். “உங்களுக்கு எப்படித் தெரிந்தது?” என்று இந்தியில் கேட்டார்.

“தமிழ்க் காதுக்கு ‘ஆய்த்து’ என்றால் ‘ஹோ கயா’, முடிந்தது சார். இவர் சொன்னதோ ‘அச்சா ஜீ’, சரி என்பது மட்டும்.”

தாழை இறுக்கி, இம்முறை நானே ஏறிப் பார்த்த பின், ஹெலிகாப்டர் புறப்பட்டது. அது கண்ணிலிருந்து மறைந்ததும் இளைஞர் சார்ஜென்ட்டிடம் கேட்டார்: “செஞ்சு முடிச்சாச்சுன்னா உங்க ஊர்ல வேற என்னதான் சொல்லுவீங்க?”

“மாடிதீனி அந்த ஹேள்தீனி சார்.” ‘செய்துவிட்டேன்’ என்று சொல்வோம் என்கிறார்.

“மாடியில தீனியா? இது அதைவிட மோசமால்ல இருக்கு!”

அதன் பிறகு எங்கள் பிரிவில் எந்த மொழிக்காரரும் வாயால் மட்டும் சொல்வதை நான் ஏற்கவில்லை. தாழின்மேல் கையை வைத்துக்கொண்டு, ‘மூடியிருக்கிறது’ என்று சொல்ல வேண்டும்.

மாலையில் தளத் தலைவர் என்னை அழைத்தார். உட்காரச் சொல்லவில்லை.

“நிறுத்தும்போது தாழ் திறந்திருப்பது உறுதியாகத் தெரியுமா?”

“தெரியாது சார்.”

“மூடியிருந்திருந்தால்?”

“நாளைக்கும் நிறுத்துவேன் சார்.”

பேனாவின் மூடியைக் கழற்றினார். “நம் விருந்தினர் தாமதமாகப் போய்ச் சேர்ந்து எரிச்சலோடு பேசினார். அதையும் எழுதுவேன்.”

“எழுதுங்கள் சார்” என்றேன். சல்யூட் அடித்து வெளியே வந்தேன். திறந்திருந்த தாழையும் விருந்தினரின் எரிச்சலையும், இரண்டையுமே எழுதியிருந்தார் என்று பின்னர் அறிந்தேன். குரூப் கேப்டன் பதவி எனக்குக் கிடைத்தது.